மலாக்காவில் இரண்டு நாள்: பாட்டியின் முழங்காலும் பேரனின் கேள்வியும்

"மலாக்காவுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று நம்மவர் கூடியிருக்கும் எந்த அரங்கில் கேட்டாலும் முக்கால்வாசிக் கைகள் மேலே போகும். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பதில் மளமளவென்று வரும். கோட்டை வாசல், சிவப்புக் கட்டடம், பூ வைத்துப் பாட்டுப் போடும் திரிஷா, ஜோங்கர் தெருவில் சென்டோல். "சரி, அங்கே நம்முடைய இடம் என்று எதையாவது பார்த்தீர்களா?" என்று மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அரங்கம் அமைதியாகிவிடும்!

பார்க்க இடம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பயணத்தைத் திட்டமிடும்போது அது பட்டியலில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

சிலிம் ரிவரில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா பாலர் பள்ளியில் வேலை செய்கிறார். மகன் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம், மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. கூடவே எழுபதைத் தாண்டிய பாட்டி. பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். முழங்கால் வலி உண்டு. இவர்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு. காசும் அளவானதுதான். இதற்குள் மலாக்காவை எப்படிப் பார்ப்பது?

அப்பா கைப்பேசியில் தேடி ஒரு பட்டியல் எடுக்கிறார். பதினொரு இடங்கள், ஒரே நாளில்! மிருகக்காட்சிசாலை, சுழலும் கோபுரம், கப்பல் அரும்பொருளகம், ஆற்றுப் படகு என்று நீள்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் தவறுகின்றன. பதினொரு இடத்தில் இறங்கி ஏறினால் கண்ணில் படுவது வாகன நிறுத்துமிடம் மட்டும்தான். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் சிணுங்குவார்கள், பாட்டி காடியை விட்டு இறங்க மாட்டார்.

பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு வழியிலிருந்து தொடங்குவோம்.

சிலிம் ரிவரிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 250 கிலோமீட்டர். தலைநகரைக் கடந்துதான் போக வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் நெரிசலுக்கு முன் கோலாலம்பூரைத் தாண்டிவிடலாம். வழியில் பசியாறிவிட்டு ஆயர் குரோவில் நெடுஞ்சாலையை விட்டு வெளியேறினால் ஒன்பது மணி வாக்கில் ஊருக்குள் நுழையலாம். ஏழு மணிக்குக் கிளம்பினால் அது நண்பகலாகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன தவறிப்போகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சொந்த வாகனம் இல்லாதவர்கள் ரயிலில் தலைநகர் வரை வந்து, பண்டார் தாசிக் செலாத்தானில் விரைவுப் பேருந்து பிடித்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல் வந்துவிடலாம். "ரயில் நேராக மலாக்காவுக்கே போகாதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். போகாது. புலாவ் செபாங் - தம்பின் நிலையத்தோடு சரி, அங்கிருந்து மறுபடி பேருந்துதான். முன்பு தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது பாட்டிமார்களுக்குத் தெரிந்த கதை. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியலில் ஜப்பானிய டாங்கிகள் சிலிம் ரிவர் பாலத்தைப் பிடித்த பிறகுதான் தலைநகருக்கு வழி திறந்தது. ஆக, மலாக்காவுக்கு ரயில் இல்லாத காரணத்தில்கூட நம்மூர் சம்பந்தப்பட்டிருக்கிறது!

வண்டியில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு கொடுக்கலாம். சாலையோரப் பெயர்ப்பலகைகளிலும் அன்றாட மலாயிலும் தமிழிலிருந்து போன சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 'கெடாய்' நம் கடை. 'காப்பால்' நம் கப்பல். 'பெத்தி' பெட்டி, 'மோடால்' முதல், 'காத்தில்' கட்டில். இந்தச் சொற்களைத் தொகுத்துப் பாருங்கள். கடை, கப்பல், முதல், பெட்டி... இவை கூலிக்காரன் கொண்டுவரும் சொற்களா, வியாபாரி கொண்டுவரும் சொற்களா? இந்தக் கேள்வியைச் சிரம்பான் தாண்டுவதற்குள் பிள்ளைகளிடம் கேட்டுவிட வேண்டும். மலாக்காவில் பார்க்கப் போவது அதன் பதிலைத்தான்.

கோயில் கதவும் கடிகாரமும்

ஒன்பது மணிக்கு ஊருக்குள் வந்தால் முதலில் எங்கே போவது? எல்லாரும் சிவப்புக் கட்டடத்துக்குத்தான் போவார்கள். இந்தக் குடும்பம் தங்கசாலைத் தெருவுக்கு, அதாவது ஜாலான் துக்காங் எமாசுக்குப் போகட்டும். காரணம் எளிது. நம் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், மாலையில்தான் மறுபடி திறக்கும். பிற்பகல் ஒன்றரை மணிக்கு வியர்த்து விறுவிறுக்க வந்து, பூட்டிய கதவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் ஏராளம். ஏழு மணிக்குக் கிளம்பினால் தவறிப்போவது இதுதான்.

அந்தத் தெருவில் இருக்கிறது ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். 1781இல் கட்டப்பட்டது. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழமையான இந்து ஆலயங்களின் வரிசையில் முன்னால் நிற்பது. தைப்பிங்கிலும் ஈப்போவிலும் பழைய கோயில்களைப் பார்த்திருப்போம். அவற்றுக்கெல்லாம் மூத்தது இது. மலாயாவில் ஒரு ரப்பர் கன்றுகூட நடப்படாத காலம் அது.

சில நிமிட நடையில் 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசல். சுமத்ரா பாணியில் அடுக்குக் கூரை, சீனப் பகோடா போன்ற மினாரா, உள்ளே ஐரோப்பியத் தூண்கள். அதையடுத்து 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீன ஆலயம். மூன்றுக்கும் நடந்தே போகலாம், பாட்டிக்கும் சிரமம் இருக்காது. தொழுகை நேரத்தைத் தவிர்த்து, உடலை மறைக்கும் உடையோடு போனால் போதும்.

இந்தப் பள்ளிவாசலின் முன்தான் பேரன் நின்றுவிடுவான். பெயர்ப்பலகையில் 'மஸ்ஜிட் கம்போங் கெலிங்' என்று இருக்கும்.

"அப்பா, பள்ளியில என்னை இந்தச் சொல்லாலதான் சீண்டுறாங்க. இங்க பெரிசா எழுதியே வச்சிருக்காங்க!"

பல அப்பாமார்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். போகக் கூடாது. இத்தனை தூரம் வந்ததே இந்தக் கேள்வி வரட்டும் என்பதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

கைதிகளின் கால் சங்கிலி எழுப்பிய ஓசையால்தான் அந்தச் சொல் வந்தது என்று நம்மில் பலர் நம்புகிறோம். அது கட்டுக்கதை. இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் இந்தப் பக்கம் கொண்டுவந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கியிருந்த போர்த்துக்கீசியரான தோமே பிரஸ் தம்முடைய நூலில் 'கிளிங்' வணிகர்களைப் பற்றி எழுதிவிட்டார். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவும் தென்னிந்திய நாட்டைக் 'கெலிங்' என்றே குறிப்பிடுகிறது. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். அந்தக் காலத்து மலாக்காவில் அந்தப் பெயரைச் சொன்னால் கப்பலும் சரக்கும் உள்ள பெரும் வணிகர் என்று பொருள்.

அதற்காக, இன்று ஒருவன் வசையாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. சொல்லின் பழைய பெருமை வேறு, இன்று அதைச் சொல்பவனின் நோக்கம் வேறு. பள்ளியில் சீண்டினால் ஆசிரியரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்துத் தலைகுனிய வேண்டிய அவசியம் பேரனுக்கு இல்லை. இதைப் பள்ளிவாசல் மதிலோரம் பத்து நிமிடம் நின்று சொன்னால் அவன் மறக்க மாட்டான்.

வெயில் ஏறிய பிறகு

பதினொன்றரை மணிக்கு மேல் வெளியே நடப்பது தண்டனை. அப்போதுதான் அரும்பொருளகம் போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கட்டிய ஸ்தாட்ஹைஸ், அதாவது அந்தச் சிவப்புக் கட்டடம், நிழலுக்கும் ஆகும், அறிவுக்கும் ஆகும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க அவ்வப்போது மூடுவார்கள், பல அரும்பொருளகங்கள் திங்கட்கிழமை திறப்பதில்லை. புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. பக்கத்தில் இருக்கும் கிறிஸ்து தேவாலயம் 1753இல் கட்டி முடிக்கப்பட்டது.

இங்கே பிள்ளைகளுக்கு ஆண்டுக் கணக்கை நான்கு எண்ணில் முடித்துவிடலாம். 1400 வாக்கில் பரமேஸ்வரா நிறுவிய அரசு, 1511இல் போர்த்துக்கீசியர் கையில் விழுந்தது. 1641இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1824 ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயருக்குப் போனது. இதற்கு மேல் சொன்னால் தூங்கிவிடுவார்கள்.

ஆளைப் பற்றிச் சொன்னால் தூங்க மாட்டார்கள். நைனா சாது என்ற தமிழ் வணிகரின் கதையைச் சொல்லலாம். 1509இல் மலாக்காவில் சிறைபிடிக்கப்பட்ட போர்த்துக்கீசியர்களுக்கு உதவியவர் அவர். 1511இல் ஊரைப் பிடித்த அல்புகர்க்கு அவருக்குப் பெண்டஹாரா பதவி கொடுத்தார். 1514இல் அந்தப் பதவி கம்பார் அரசருக்குப் போனது. அந்த அவமானம் தாங்காமல் அவர் சிதை மூட்டி அதில் பாய்ந்து உயிர்விட்டார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மானஸ்தரா? அந்நியனுக்கு வழிகாட்டியவரா? பட்டிமன்றத்துக்கு இதைவிடத் தோதான தலைப்பு கிடைக்காது. இன்னொரு பக்கம் பாருங்கள், சுல்தானின் பெண்டஹாராவாக இருந்த துன் முதாஹிரும் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர்தான். அவரை 1510இல் சுல்தான் மாமூட்டே கொல்லச் செய்தார். நம்மவர்கள் ஒரே அணியில் இருக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள். அந்த அளவுக்கு இந்த ஊரில் அவர்களுக்கு வேர் இருந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தங்கும் விடுதியில் படுத்துவிட வேண்டும். இது சோம்பல் அல்ல, திட்டம். பாட்டிக்காக மட்டுமல்ல, விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டிய அப்பாவுக்காகவும்.

மாலை ஐந்து மணிக்குக் குன்று. செயின்ட் பால் குன்றின் படிகளில் பாட்டி ஏற வேண்டாம். கீழே கோட்டை வாசல் அருகே மர நிழலில் அம்மாவோடு உட்காரட்டும், மற்றவர்கள் மேலே போய் வரட்டும். 1521இல் தொடங்கிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஒன்று புரியும். கடற்கரை ஊர் என்கிறோம், கடல் எங்கே? ஒரு காலத்தில் கோட்டையின் காலடி வரை அலை அடித்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது பேரங்காடிகளும் கடைவீதிகளும் நடுவில் வந்துவிட்டன. கடலைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் 2006இல் திறக்கப்பட்ட நீரிணைப் பள்ளிவாசல் பக்கம் அந்தி நேரத்தில் போகலாம்.

கீழே பாட்டி உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றை வாசல்தான் பெரும் கோட்டையில் மிச்சம். மற்றதை ஆங்கிலேயர் 1807 வாக்கில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சிறுவனாக அதை நேரில் பார்த்து எழுதியவர் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மகன் பள்ளியில் படிப்பது இவரைத்தான். ஏமனிலிருந்து நாகூர் வந்து திருமணம் செய்துகொண்ட அரபு முன்னோரின் வழியில், 1796இல் மலாக்காவில் பிறந்தவர். சிறுவயதில் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள் என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கணக்கு வழக்குக்கும் வியாபாரப் பேச்சுக்கும் தமிழ் வேண்டும் என்பதால் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அங்கே வழக்கமாக இருந்ததாம். "தமிழ் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று ஆறாம் ஆண்டு மகளிடம் யாராவது சொல்லியிருந்தால், அந்த வாசலில் வைத்து இதை அவளிடம் சொல்லுங்கள்.

இரவு ஜோங்கர் தெரு. வார இறுதியில் மட்டும் நடக்கும் இரவுச் சந்தை. கூட்டத்தில் பிள்ளைகள் கையை விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை, காஜா பெராங்

ஊரின் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஜாலான் காஜா பெராங் ஓரமாக இருக்கிறது கம்போங் செட்டி. இங்கே வாழ்பவர்கள் மலாக்கா செட்டிகள். வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. இந்தக் குழப்பம் நம்மவரிடையே இன்னும் தீரவில்லை. சுல்தான்கள் காலத்திலேயே வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, இங்கேயே நிலைத்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வியாபாரம் கைவிட்டுப் போன பிறகு ஊரின் ஓரத்துக்கு வந்து பயிர்த்தொழிலிலும் இறங்கினார்கள்.

பாட்டிக்கு இங்கே ஒரு திகைப்பு காத்திருக்கிறது. வாசலில் மாவிலை இருக்கும். தெருவுக்குள் அம்மன் கோயில், சிவன் கோயில் என்று வரிசையாக இருக்கும். பிள்ளை, படையாச்சி, நாயக்கர் என்று பெயர்கள் இருக்கும். "சாப்பிட்டீங்களா தாயி?" என்று கேட்டால் பதில் மலாயில் வரும்!

"தமிழே பேசலையே, இவங்க எப்படி நம்மாளு?"

பாட்டி கேட்பது நியாயமான கேள்வி. மொழி போய்விட்டது, சமயம் போகவில்லை. போகி நாளில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள், அதற்கு 'பார்ச்சு' என்று பெயர். ஆண்டு நடுவில் பழங்கள் காய்க்கும் பருவத்தில் இன்னொரு பார்ச்சு. முத்துமாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்று அழைக்கிறார்கள், அம்மை நோயைத் தீர்க்கும் தெய்வம் என்ற பொருளில். ஐந்நூறு ஆண்டுகளாகச் சிறுபான்மையிலும் சிறுபான்மையாக இருந்துகொண்டு இதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மொழியைக் காப்பாற்ற அவர்களுக்கு ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2008இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜோர்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு நிலத்தின் விலை ஏறியது. கம்போங் செட்டியை ஒட்டி உயரமான கட்டடத் திட்டம் வந்தபோது அந்த மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இளையவர்களில் பலர் வேலை தேடி வெளியே போய்விட்டார்கள். அங்கே போகும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது கண்காட்சித் திடல் அல்ல, வீடுகள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, வாசலை எட்டிப் பார்க்கக் கூடாது. அங்குள்ள சிறிய செட்டி அரும்பொருளகம் திறந்திருக்குமா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கோயில் உண்டியலில் பத்து ரிங்கிட் போட்டால் அது பேரங்காடியில் செலவழிக்கும் நூறு ரிங்கிட்டைவிடப் பயன்படும்.

மாசி மகத்தையொட்டிப் போக நினைப்பவர்கள் மட்டும் அறையை மிக முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு ரத ஊர்வலம் போகும் நாள்கள் அவை. ஊரில் கால் வைக்க இடமிருக்காது.

பதினொரு மணிக்கு மேல் காஜா பெராங்கில் நிற்க வேண்டாம். ஞாயிறு பிற்பகல் தலைநகரை நோக்கிப் போகும் நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்பது லோரி ஓட்டும் அப்பாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வண்டி கிளம்பியதும் பாட்டியிடம் ஒரு செய்தி சொல்லலாம். மலாயாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் ரப்பர் பயிரிட்டது மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் அதைத் தொடங்கினார். ஆனால் அதற்கும் முன்னால், 1877இல், கன்றுகள் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று நம் பேராக்கின் கோலகங்சார். அதனால் முதல் மரியாதை மலாக்காவுக்கா, பேராக்குக்கா என்று பாட்டியும் பேரனும் சண்டை போட்டுக்கொண்டு வரட்டும். தஞ்சோங் மாலிமில் பாவ் வாங்க நிறுத்தும் வரைக்கும் அது தாங்கும்.